பாடம் 7: செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீர்

நுழையும்முன்

வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பறையில் இந்தியும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைக்குச் செவியே முதல் ஆசிரியர். அச்செவியின் உட்புறத்தில், வலியோ காய்ச்சலோ இன்றிச் சிறிதளவு நீர் தேங்கினால் என்ன நிகழும்? அந்நீருக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு எத்தகையது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மழைக்காலத்தில் ஒரு வீடு

கேரளத்தில் பள்ளிகள் திறக்கும் நாளும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாளும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வரும். ஜூன் மாதத்தில் திருவனந்தபுரத்தின் தெருக்களில் குடைகள் விரியும். வீடுகளில் துணிகள் உலர மறுக்கும். சுவர்களின் மூலைகளில் பூஞ்சை படரும்.

தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சாலைக் கடைத்தெருவின் அருகே ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முகிறாள். அரிக்கும் மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துக்கொள்கிறாள். இரவில் வாயைத் திறந்தே உறங்குகிறாள். பாட்டி “பாயை எடுத்து வா” என்றால், பையை எடுத்து வந்து நிற்கிறாள். தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர்கள் முகம் சுளிக்கும் அளவுக்கு உயர்த்துகிறாள்.

இதைக் கண்டவர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். “கவனக்குறைவு” என்றது வகுப்பறை. “வேண்டியது மட்டும் காதில் விழுகிறது” என்று கடிந்துகொண்டது வீடு. அண்டை வீட்டார், “நான்கு மொழிகளைத் திணித்தால் குழந்தை குழம்பத்தான் செய்யும். வீட்டில் தமிழ் பேசுவதையாவது நிறுத்துங்கள்” என்று நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறினர். உறவினர் ஒருவரோ, தும்மலைக் கேட்டதும், “இது ஒவ்வாமைதான்” என்று தம் வீட்டில் மீந்திருந்த மாத்திரையைக் கொண்டுவந்தார்.

நான்கு முடிவுகள் கூறப்பட்டன. ஆனால், சிறுமியின் செவிக்குள் ஒருவரும் பார்க்கவில்லை.

நடுச்செவியும் அதன் குழலும்

செவி மூன்று பகுதிகளைக் கொண்டது. வெளியிலிருந்து வரும் ஒலி, புறச்செவியின் வழியே சென்று செவிப்பறையைத் தட்டுகிறது. செவிப்பறைக்கு அப்பால் இருப்பது நடுச்செவி. அது காற்று நிறைந்த சிற்றறை. ஒரு தேக்கரண்டி நீரைக்கூட அது கொள்ளாது. அவ்வறைக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி எனும் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் இணைந்துள்ளன. உடலிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியது அங்கவடி எலும்பே. செவிப்பறையின் அதிர்வை இவை மூன்றும் உட்செவிக்குக் கொண்டுசேர்க்கின்றன.

செவிப்பறை நன்கு அதிர வேண்டுமானால், அதன் இருபுறமும் காற்றழுத்தம் சமமாக இருத்தல் வேண்டும். அதற்காக நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு குறுங்குழல் இணைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த உடற்கூற்று அறிஞர் பார்த்தோலோமியோ யூஸ்டாக்கி அதை விரிவாக விளக்கினார். எனவே, அவர் பெயராலேயே அது யூஸ்டேஷியன் குழல் என்று வழங்கப்படுகிறது. இக்குழல் எப்போதும் திறந்திருப்பதில்லை. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, புதுக்காற்றை உள்ளே விட்டு மூடிக்கொள்கிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் திறப்பது இதனால்தான்.

குழந்தைகளின் குழல் பெரியவர்களின் குழலைப் போன்றதன்று. அது நீளத்தில் குறைந்தது. பெரியவர்களுக்கு அது சரிந்து இறங்கும் வாய்க்காலைப் போன்றது. சிறு குழந்தைகளுக்கோ ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கும். அதைத் திறக்கும் தசைகளும் இன்னும் வலிமை பெறாதவை. ஆகவே, சிறு சளி பிடித்தாலும் அது எளிதில் அடைபடுகிறது.

ஓசையின்றித் தேங்கும் நீர்

குழல் அடைபட்டால் நடுச்செவிக்குப் புதுக்காற்று கிட்டாது. உள்ளிருக்கும் காற்றை அவ்வறையின் உட்சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். அழுத்தம் குறையும், செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும், சவ்விலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்பும். தொடக்கத்தில் மெல்லிய நீராக இருப்பது, நாள் செல்லச் செல்லப் பசைபோல் கெட்டியாகலாம். மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேலும் நீர் தங்கிவிட்டால் மருத்துவர்கள் அதை நாட்பட்ட நிலை என்பர்.

இது சீழ் வடியும் காதுநோய் அன்று. காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை. அதனால்தான் குழந்தை அழுவதில்லை, பெரியவர்களும் அறிவதில்லை. பள்ளியில் சேரும் முன்னரே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு நீர் தேங்கி, தானே வற்றிவிடுகிறது.

நீர் தேங்கிய செவி முற்றும் கேளாச் செவி ஆகிவிடாது. காற்றில் அசைய வேண்டிய சிற்றெலும்புகள் நீரில் அசைவதால் ஒலி மங்கும். இவ்வாறு மங்கும் அளவு சராசரியாக ஏறத்தாழ 25 டெசிபல். காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு பிறர் பேச்சைக் கேட்பதற்கு இது ஒப்பாகும். உரத்த குரல் கேட்கும், மென்குரல் நழுவும். அமைதியான அறையில் பேச்சு புரியும். மின்விசிறியும் மழையும் இரையும் வகுப்பறையில் புரியாது. மேலும், நீரின் அளவு நாளுக்கு நாள் மாறுவதால் ஒருநாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேட்காது. “வேண்டியது மட்டும் காதில் விழுகிறது” என்னும் பழி இங்கிருந்தே பிறக்கிறது.

தமிழில் ஒரு சொல்லின் ஈற்றெழுத்தே பொருளைத் தாங்கி நிற்கும். “வந்தான்”, “வந்தாள்”, “வந்தார்” என்பவற்றை வேறுபடுத்துவது கடைசி எழுத்து. “கலை”, “களை”, “கழை” என்பவற்றை வேறுபடுத்துவது நாவின் நுண்ணிய அசைவு. இவ்வொலிகளை நாள்தோறும் சுற்றிலும் கேட்கும் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு ஒரு சொல்லைத் தவறவிட்டால் மறுமுறை கேட்க வாய்ப்புகள் பல. வெளியூரில் வளரும் குழந்தைக்கோ தமிழ் ஒலிக்கும் இடம் வீடு ஒன்றே. அங்கும் செவி மங்கினால் இழப்பு பெரிது.

பல மொழிகளைக் கேட்பதால் செவித்திறன் குறைவதில்லை. குழந்தை பேசக் கற்பதும் அதனால் தடைபடுவதில்லை. செவிக்குள் நீர் இருக்க, நாவிலுள்ள தமிழை நிறுத்துவது நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பதாகும்.

ஒவ்வாமை என்பது யாது?

உடலுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைப் பகையென்று கருதி, உடலின் காவலாற்றல் போர்க்கோலம் பூணுவதே ஒவ்வாமை. 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே இதற்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். மூக்கில் ஒவ்வாமை ஏற்பட்டால் தும்மல், நீர்வடிதல், அரிப்பு, அடைப்பு ஆகிய நான்கும் தோன்றும்.

திருவனந்தபுரம் கடலோர நகரம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், அக்டோபரில் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த இக்காற்று, தூசு உண்ணி எனும் நுண்ணுயிரிக்கு ஏற்றது. கண்ணுக்குத் தென்படாத அது நீர் பருகுவதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. நம் உடலிலிருந்து உதிரும் தோல்துகள்களே அதன் உணவு. ஆகவே, மெத்தையும் தலையணையும் அதன் உறைவிடங்கள். அதன் கழிவிலுள்ள புரதமும் பூஞ்சையின் வித்துகளும் மூச்சோடு மூக்கினுள் செல்கின்றன. சிறுமி காலையில் தும்முவதற்கு அவள் இரவெல்லாம் தலைவைத்த தலையணை காரணமாகலாம்.

ஒவ்வாமை நடுச்செவியை மூன்று வழிகளில் தொடக்கூடும். முதலாவது, மூக்கின் உட்சவ்வு வீங்கும்போது, அங்கே திறக்கும் யூஸ்டேஷியன் குழலின் வாயும் வீங்கிச் சுருங்கலாம். இரண்டாவது, மூக்கின் பின்புறத்திலுள்ள அடினாய்டு எனும் சதை பருத்திருந்தால் அடைப்பு மேலும் கூடலாம். மூன்றாவது, நடுச்செவியின் உட்சவ்வும் மூக்கின் உட்சவ்வும் ஒரே தொடர்ச்சி உடையவை. ஆதலால், சிலருக்கு ஒவ்வாமை அழற்சி அங்கும் நிகழலாம். நீர் தேங்கிய குழந்தைகள் சிலரின் நடுச்செவி நீரில் ஒவ்வாமையோடு தொடர்புடைய உயிரணுக்களை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

ஒவ்வாமையே காரணமா?

இவ்விடத்தில்தான் நிதானம் வேண்டும். நாட்பட்ட நடுச்செவி நீர் உடைய குழந்தைகளிடையே மூக்கு ஒவ்வாமை மிகுதியாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், ஒவ்வாமையுள்ள குழந்தைகள் பலருக்கு நடுச்செவியில் நீர் தேங்குவதே இல்லை. நீர் தேங்கிய குழந்தைகள் பலருக்கு ஒவ்வாமை இல்லை. அடிக்கடி வரும் சளி, பருத்த அடினாய்டு, வீட்டில் பிறர் புகைக்கும் புகை, பிளவுபட்ட அண்ணம் ஆகியவையும் இந்நீருக்கு வழிவகுக்கின்றன. இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

இன்னொரு சான்றும் உண்டு. ஒவ்வாமையே முழுக்காரணம் என்றால், ஒவ்வாமை மாத்திரை தந்தவுடன் நீர் வற்ற வேண்டும். ஆனால், அம்மாத்திரைகளும் மூக்கடைப்பை நீக்கும் மருந்துகளும் நடுச்செவி நீரை வற்றச்செய்வதில்லை என்று மருத்துவச் சோதனைகள் காட்டியுள்ளன. இந்நீரை வற்றச்செய்யும் நோக்கில் அவற்றைத் தர வேண்டா என்று 2016-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டு நெறிமுறை அறிவுறுத்தியது. எனவே, தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் உரிய மருத்துவம் மூக்கின் நலத்துக்காகச் செய்யப்பட வேண்டும். அதுவே செவியையும் குணப்படுத்திவிடும் என்று எண்ணி, செவியைச் சோதிக்காமல் விடுதல் கூடாது. ஒவ்வாமை துணைக்காரணமாக இருக்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அதுவே முதற்காரணம் அன்று.

தெரிந்து தெளிவோம்

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான எஸ்.ஏ.டி. மருத்துவமனை அதே வளாகத்தில் உள்ளது. ‘நிஷ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, நகரின் ஆக்குளம் பகுதியில் இயங்கிவருகிறது. நடுவணரசு 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் எனும் குழந்தை நலத் திட்டத்தில், சோதித்தறிய வேண்டிய குறைகளுள் செவித்திறன் குறைபாடும் நடுச்செவி அழற்சியும் இடம்பெற்றுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3-ஆம் நாள் உலகச் செவித்திறன் நாளாகும்.

சோதித்து அறிதல்

காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிநோக்கி எனும் ஒளிக்கருவியால் செவிப்பறையைப் பார்ப்பார். நலமான செவிப்பறை முத்துச்சிப்பிபோல் ஒளிரும். நீர் தேங்கினால் அது மங்கும். சில வேளைகளில் நீர்க்குமிழிகளும் தென்படும்.

அடுத்தது டிம்பனோமெட்ரி எனும் சோதனை. மென்மையான முனையுடைய கருவியைக் காதில் வைத்து, காற்றழுத்தத்தைச் சற்றே கூட்டிக் குறைப்பர். செவிப்பறை நன்கு அசைந்தால் வரைபடத்தில் ஒரு மலை எழும். பின்னால் நீர் இருந்தால் மலை எழாது. கோடு சமவெளியாக நீளும். இதில் வலி இல்லை, ஊசியும் இல்லை. எவ்வளவு ஒலி கேட்கிறது என்பதைக் கேட்டல் திறன் சோதனை தனியே அளந்து காட்டும்.

பிறந்தவுடன் செய்த செவிச்சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் நீர் தேங்கலாம். ஆதலால், “அப்போதே பார்த்துவிட்டோம்” என்று இருந்துவிடுதல் தகாது.

ஒவ்வாமை உண்டா என்று அறியத் தோல் சோதனை உதவும். முன்கையில் தூசு உண்ணி முதலியவற்றின் சாற்றைத் துளியாக இட்டு, தோலை மெல்லக் குத்துவர். ஏறத்தாழ 15 நிமிடங்களில் தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பர். தடிப்பு மட்டும் போதாது. அதற்கேற்ற அறிகுறிகளும் இருந்தால்தான் ஒவ்வாமை உறுதியாகும்.

பொறுத்திருத்தலும் ஒரு மருத்துவம்

நீர் இருப்பது தெரிந்தவுடன் அறுவை மருத்துவம் செய்வதில்லை. பெரும்பாலும் மூன்று மாதங்கள் காத்திருந்து, மீண்டும் சோதிப்பர். காத்திருத்தல் என்பது மறந்திருத்தல் அன்று; குறித்த நாளில் தவறாது மீண்டும் காட்டுதலே அதன் பொருள். பிளவுபட்ட அண்ணம் உடையவர்களுக்கும் பேச்சு வளர்ச்சி பின்தங்கியவர்களுக்கும் விரைவாகவே கவனம் தேவை.

நீர் வற்றாமல் கேட்டலும் குறைந்திருந்தால், செவிப்பறையில் நுண்ணிய துளையிட்டு நீரை அகற்றி, அதில் ஒரு சிறுகுழாயைப் பொருத்துவர். அடைபட்ட குழலின் பணியாகிய காற்றோட்டத்தை அது ஏற்றுக்கொள்ளும். 1954-ஆம் ஆண்டில் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் எனும் அமெரிக்க மருத்துவர் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். அக்குழாய் பெரும்பாலும் ஓராண்டளவில் தானே வெளியே விழுந்துவிடும். தேவையானால் அடினாய்டுச் சதையையும் அகற்றுவர்.

வீடும் வகுப்பறையும் செய்யத்தக்கவை

காத்திருக்கும் மூன்று மாதங்களும் குழந்தைக்குக் கற்கும் காலமே. அக்காலம் வீணாகாதிருக்க, சுற்றியுள்ளோர் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம்.

• பெயரைச் சொல்லி அழைத்து, குழந்தை திரும்பிய பின் முகம் பார்த்துப் பேசுதல்.
• பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துதல்.
• வகுப்பில் முன்வரிசையில் அமர்த்துதல்.
• தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து நன்கு உலர்த்துதல்.
• தூசு பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல்.
• வீட்டினுள் எவரும் புகைக்காதிருத்தல்.

காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுதலும் குச்சியால் குடைதலும் கூடா. நீர் இருப்பது செவிப்பறைக்கு அப்பால். ஊற்றும் எண்ணெய் அங்கே செல்லாது. குச்சியோ செவிப்பறையைக் கிழித்துவிடும்.

சாலைக் கடைத்தெருச் சிறுமியின் செவிகளையும் மருத்துவர் சோதித்துப் பார்த்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இரு செவிகளின் வரைபடங்களிலும் மலை எழவில்லை. தோல் சோதனையில் தூசு உண்ணி ஒவ்வாமை தெரிந்தது. மூக்குக்கு மருந்து தரப்பட்டது. செவிக்கு மூன்று மாதத் தவணை குறிக்கப்பட்டது. வீட்டில் தமிழ் நிற்கவில்லை. பாட்டி மட்டும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டார். அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பதை விட்டு, பேத்தியின் எதிரே வந்து அமர்ந்து பேசினார். அன்றிரவு அவர் “பாயை எடுத்து வா” என்றபோது, சிறுமி பாயைத்தான் எடுத்து வந்தாள். செவியிலிருந்த நீர் அன்று வற்றிவிடவில்லை. சொல்லும் முறை மாறியிருந்தது.

சொல்லும் பொருளும்

அண்ணம் – வாயின் மேற்புறம்
அழற்சி – வீங்கிச் சிவக்கும் நிலை
கிடைமட்டம் – படுத்த நிலையிலுள்ள மட்டம்
தவணை – குறித்த கால எல்லை
நாட்பட்ட – நெடுநாள் நீடித்த
வித்து – விதை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. உடலின் மிகச் சிறிய எலும்பு ______. (சுத்தி / பட்டடை / அங்கவடி)
2. ‘அலர்ஜி’ எனும் சொல் உருவான ஆண்டு ______. (1906 / 1951 / 1954)
3. ‘செவிப்பறை’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______. (செவிப் + பறை / செவி + பறை / செவி + அறை)
4. ‘மூக்கு + அடைப்பு’ என்பதைச் சேர்த்து எழுதக் கிடைப்பது ______. (மூக்குஅடைப்பு / மூக்கடைப்பு / மூக்காடைப்பு)

ஆ. குறுவினா
1. யூஸ்டேஷியன் குழல் எப்பொழுது திறக்கிறது?
2. தூசு உண்ணி ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பெருகுவது ஏன்?
3. டிம்பனோமெட்ரி வரைபடத்தில் ‘மலை’, ‘சமவெளி’ ஆகியவை எவற்றைக் காட்டுகின்றன?

இ. சிறுவினா
1. நடுச்செவியில் நீர் தேங்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. “காத்திருத்தல் என்பது மறந்திருத்தல் அன்று” – விளக்குக.

ஈ. சிந்தனை வினா
சிறுமியைப் பற்றி நால்வர் கூறிய முடிவுகளை எழுதி, ஒவ்வொன்றும் ஏன் அவசர முடிவு என்பதைக் காரணத்துடன் விளக்குக.

உ. மொழியோடு விளையாடு
பொருள் வேறுபாடு அறிந்து சொற்றொடரில் அமைத்து எழுதுக: பல்லி – பள்ளி, கரை – கறை, அலை – அழை.
பின்னர், ஒருவர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு இச்சொற்களை மெல்லிய குரலில் சொல்ல, மற்றவர் கேட்டு எழுதுக. வாயை மறைக்காமல் மீண்டும் ஒருமுறை சொல்லி, இருமுறையும் நேர்ந்த பிழைகளை ஒப்பிடுக.

ஊ. கற்பவை கற்றபின்
வீட்டில் ஒருநாள் மாலை தொலைக்காட்சி, மின்விசிறி, மழை ஆகியவற்றின் ஒலிகளுக்கிடையே பெரியவர்கள் பேசுவதை உற்றுக் கேட்டு, தவறிப்போன சொற்களைக் குறித்து வந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.